மண்வாரியைப் பிடுங்கிய அண்டைவீட்டார்

ஐசல் ஆறு எங்கள் பெல்லர்வேர்டில் ஒரு வீட்டுக்கும், வீட்டுக்குப் பின்னால் இருந்த பேரிக்காய்த் தோட்டத்துக்கும், தோட்டத்தை ஒட்டிய கரைக்கும் சட்டப்படி சொந்தக்காரரான வருடத்தில் சந்தையில் வெண்ணெய் ராத்தல் இரண்டரை ஸ்டைவர் காசுக்கு விற்றது. ஊரில் அதிகம் பேசப்பட்டது வெண்ணெய் விலைதான். ஆறு வீட்டுக்காரர் ஆவது அடிக்கடி நடப்பதில்லை என்றாலும், நடந்தால் நடந்ததுதான். வெண்ணெய் விலை ஏறினால் தினம் காலையில் ரொட்டியின் மேல் தெரியும்.

பெல்லர்வேர்ட் உண்டானதே ஒரு பசுவின் பிடிவாதத்தால். படகில் ஆற்றைக் கடந்துகொண்டிருந்த பசு இந்த மேட்டைக் கண்டதும் இறங்கியது, மறுபடி ஏற மறுத்தது. அதை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார், வந்தவருக்கு பீர் விற்க ஒருவர் வந்தார், இரண்டு பேரும் அடித்துக்கொண்டதால் சமாதானம் செய்ய ஒரு பாதிரியார் வந்தார். அத்தோடு ஊர் ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு உரிமை தந்த பிஷப், பதிலுக்கு வருடம் ஒரு சால்மன் மீன் போதும் என்றார். ஊரார் அனுப்பிய முதல் மீனின் தலை அவர் அரண்மனை வாசலில் நுழைந்தபோது வால் எங்கள் படித்துறையில்தான் கிடந்தது. கோடைச் சந்தையில் குவித்த வெண்ணெயின் நிழலில் உட்கார ஆட்கள் முன்கூட்டியே இடம் பிடித்து வைப்பார்கள். வடகடலோரப் பெர்கனிலிருந்து கப்பலில் வந்த கருவாடு அவ்வளவு விறைப்பு. தேவாலயக் கூரையில் ஓடு உடைந்தபோது அதை வைத்துத்தான் அடைத்தார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை, ஆனால் அன்றிலிருந்து பூனைகள் ஒரு பிரசங்கத்தையும் தவற விட்டதில்லை. எடைமண்டபத்துத் தராசு பொய் பொறுக்காது. பொய் சொல்லிக்கொண்டே தட்டில் ஏறினால் ஆளின் கனம் இரண்டு மடங்காகிவிடும். அதனால் வியாபாரிகள் அந்தப் பக்கம் போனால் வாயைக் கெட்டியாக மூடிக்கொள்வார்கள்.

இவ்வளவு செழிப்பும் ஒரு மண்கரையின் பின்னால் பதுங்கியிருந்தது. வெள்ளக் காலத்தில் ஆறு எங்கள் புகைபோக்கிகளை மேலிருந்து எட்டிப் பார்த்தபடி போகும். கரையைத் துண்டு துண்டாகப் பிரித்திருந்தார்கள். கரையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர் தம் துண்டைத் தாமே கட்டிக் காக்க வேண்டும். அண்டைவீட்டார் பிரசவத்துக்கு ஓடி வருவார், அறுவடைக்கு வருவார், சாவுக்கு மணியடிக்க வருவார். கரைக்கு மட்டும் வரமாட்டார், அவர் துண்டே அவர் முதுகை ஒடித்துக்கொண்டிருக்கும். முடியாதவருக்கு ஒரே ஒரு வழி இருந்தது. தம் மண்வாரியைக் கரையின் உச்சியில் குத்தி நட்டுவிட்டு, உடுத்த துணியோடு வீட்டை விட்டு நடந்துவிட வேண்டும். அண்டைவீட்டாரில் யார் அந்த மண்வாரியைப் பிடுங்குகிறாரோ வீடும் நிலமும் அவருக்கு, கரையும் அவர் தலையில். ஒரு வருடம் வரை யாரும் பிடுங்கவில்லை என்றால் நிலம், எல்லாத் துண்டுகளையும் மேற்பார்க்கும் கரைத்தலைவர் கைக்குப் போகும், கரை மட்டும் ஊர்ப் பொதுவுக்கு வரும்.

கடுகு அரைத்து விற்கும் ஹில்லாவுக்கு வாய்த்திருந்தது ஊரிலேயே கெட்ட துண்டு. ஆறு வளைந்து திரும்பும்போது முழுத் தோளையும் கொண்டுவந்து அங்கேதான் இடிக்கும். அவளுடைய கடுகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஜாடியின் மூடியைத் திறந்தால் நகர வாசலில் நிற்கும் குதிரைகள் தும்மும். ருசி பார்த்த ஒரு வரித்துறைக்காரர் யாரும் கேட்காமலே தம் பாவங்களை வரிசையாகச் சொல்லி அழுதார். அவள் வாயும் ஏறக்குறைய அதே காரம். கணவன் வொல்டர் இருந்தவரை இரண்டு பேரும் கரையைச் சமாளித்தார்கள். அவன் ஒரு குளிர்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பிறகு ஹில்லா காலையில் கடுகு அரைப்பாள், மதியம் களிமண் சுமப்பாள், சாயங்காலம் கையை நீட்டிப் பார்த்தால் எது கடுகு எது களிமண் என்று அவளுக்கே தெரியாது. கரை ஒவ்வொரு மாதமும் ஒரு முழம் பின்வாங்கியது. கடைசியில் கரைத்தலைவர் ஸ்வேடர் தம் நீண்ட கோலோடு வந்து கரையைக் குத்திப் பார்த்தார். கோல் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது.

ஸ்வேடர் கெட்டவர் இல்லை. அவருக்கு ஒரே ஒரு பலவீனம், ஹில்லாவின் பேரிக்காய்கள். அவை மரத்திலேயே தேன் சொட்டும். அவர் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும்.

“பாரும்மா ஹில்லா, எனக்கு இதுல ஒண்ணும் சந்தோஷமில்ல.”

“தெரியுது தலைவரே. கண்ணுல தண்ணி நிக்குது. தோட்டத்துப் பக்கம் போய் அழுதுடாதீங்க, நாளைக்குச் சாப்பிடறப்ப காய் உப்புக் கரிக்கும்.”

அவள் மண்வாரியை நட்டாள். சட்டம் துணியைத்தான் சொன்னது, செருப்பைச் சொல்லவில்லை என்று மரச்செருப்பைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு, காலுறையோடு தெருவில் நடந்தாள். சத்திரக்காரி லம்மே வழியை மறித்துக்கொண்டு நின்றாள். “எங்க போற? என் தொழுவத்துல இடம் கிடக்கு. மாடு உன்ன மாதிரி வாயாடாது, அது ஒண்ணுதான் உனக்குக் குறையா இருக்கும்.” அப்படியாக ஹில்லா தொழுவத்தில் உட்கார்ந்து கடுகு அரைத்தாள். சிரித்துப் பேசினாலும், தொழுவத்துக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அவள் கண் முதலில் போவது ஆற்றுப் பக்கம் தெரிந்த தன் புகைபோக்கிக்குத்தான்.

மண்வாரியை யாரும் தொடவில்லை. கரைமேல் போகிறவர்கள் கைகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு போனார்கள். பாதிரியார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆசீர்வாதத்தைத் தாடையாலேயே கொடுத்துவிட்டுக் கடந்தார். ஒரு குடிகாரன் தெரியாமல் அதன்மேல் சாய்ந்தான். எதன்மேல் சாய்ந்திருக்கிறோம் என்று புரிந்த நொடியில் அவன் போதை தெளிந்தது, பிறகு சாகும்வரை ஏறவே இல்லை. ஒரு நாரை வந்து உட்கார இறங்கியது, யோசித்தது, திரும்பிப் போய்விட்டது.

ஈஸ்டருக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, நல்ல வெயிலில், பன்றிச் சந்தை நடந்துகொண்டிருக்கும்போது ஆறு கரையேறியது. வெள்ளம் என்று கத்திக்கொண்டு ஓடியவர்கள் பாதி ஓட்டத்தில் நின்றுவிட்டார்கள். ஏனென்றால் அது பச்சை நிறத்தில் நீண்ட ஒரே ஒரு கையாக ஏறியது. உச்சியில் கொஞ்சம் தயங்கியது. மண்வாரியின் பிடியைப் பற்றி ஒருமுறை ஆட்டிப் பார்த்தது, பிறகு பிடுங்கியது. தோட்டத்தில் ஒரு முட்டைக்கோசைக்கூட மிதிக்காமல் வளைந்து வளைந்து போய், பின்கதவைத் திறந்து, மண்வாரியைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு திரும்பியது. பன்றி வாங்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் இது எப்போதும் நடக்குமா என்று கேட்டார். இல்லை, பன்றி விலையைச் சொல்லுங்கள் என்றார்கள்.

கரைச்சபை எடைமண்டபத்தில் கூடியது. ஸ்வேடர் எழுந்தார். “அண்டைவீட்டார் பிடுங்கணும்னு சட்டம். ஆறு தண்ணி. தண்ணி எப்படி அண்டைவீட்டார் ஆகும்?”

லம்மே ஏப்ரனில் கை துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். “இந்த ஊர்ல ஒருத்தர் அண்டைவீட்டார் ஆகறது எப்படி தலைவரே? புதுசா குடிவர்றவன் நாலு பக்கமும் பீர் கொடுக்கணும், வாங்கிக் குடிச்சவன் அண்டைவீட்டான். வொல்டர் கல்யாணமாகி வந்த அன்னிக்கு வடக்க கொடுத்தான், தெக்க கொடுத்தான், எதிர்வீட்டுக்குக் கொடுத்தான். கிழக்க போய் மீதி ஜாடியை ஆத்துல கவுத்தான். என் பீர். நீங்கல்லாம் நின்னு கை தட்டினீங்க.”

“அது குடிபோதையில செஞ்ச விளையாட்டும்மா.”

“ஆறு குடிச்சுதா இல்லையா?”

“குடிச்சுது.”

“திருப்பிக் கொடுத்துதா?”

பொய் பொறுக்காத தராசு அசையவே இல்லை. அப்புறம்தான் ஸ்வேடரின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு விரிந்தது. சரி, ஐசல் அண்டைவீட்டார்தான், சொந்தக்காரர்தான் என்று ஒத்துக்கொண்டார். சொந்தக்காரர் என்றால் கரையையும் காக்க வேண்டும் இல்லையா? நவம்பரில் வரும் மார்ட்டின் திருநாளன்று கரைப் பார்வை, துண்டு துண்டாகக் குத்திச் சோதிக்கும் நாள். ஆறு தன்னிடமிருந்து தானே ஊரைக் காத்துக் காட்டட்டும். முடியாமல் போனால் அன்றைக்கே நிலம் கரைத்தலைவருக்கு. அவர் சிரித்ததில் நியாயம் இருந்தது. அதைவிட நிச்சயமான பேரிக்காய் உலகத்தில் இல்லை.

நிலம் வந்ததும் மரியாதையும் வந்தது. அதுவரை ‘அது’ என்று பேசியவர்கள் மறுநாளே ‘அவர்’ என்றார்கள். முதல் வாரத்திலேயே ஒரு காலை, தெருவின் கற்களுக்கு நடுவே நூலளவு தண்ணீர் ஓடிவந்து தொழுவ வாசலில் நின்றது. அதன்மேல் ஹில்லாவின் மரச்செருப்புகள் மிதந்தன; அவளுக்கு நேராகக் குதிகால், வீட்டைப் பார்த்து முனை. லம்மே எட்டிப் பார்த்தாள். “குடித்தனம் வரச் சொல்றார்டி. போ. நல்ல இடம், கொஞ்சம் ஈரம்.” சொந்தக்காரர் தம் வீட்டில் யாரையும் குடிவைக்கலாம், அதைத் தடுக்கச் சட்டம் இல்லை. ஆனால் ஸ்வேடர் தெருவில் அவளை நிறுத்தி ஒன்றை ஞாபகப்படுத்தினார். ஒரே கரையில் இரண்டாவது முறையும் வீடிழந்தவர் ஊர் எல்லைக்குள் தங்கக் கூடாது. மார்ட்டின் திருநாளில் கரை தோற்றால் அவள் தொழுவத்துக்குக்கூடத் திரும்ப முடியாது.

ஹில்லா கதவைத் திறந்தபோது ஐசல் சமையலறையில் கணுக்கால் அளவு நின்றார். அடுப்பைச் சுற்றி ஒரு பாயளவு தரையை உலரவிட்டிருந்தார். கடுகுப் பீப்பாய்களைத் தூக்கிப் பரண்மேல் வைத்திருந்தார். ரொட்டிப் பெட்டியில் இரண்டு விலாங்குகள் சங்கடமாகப் படுத்திருந்தன. அவர் கரண்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையணையைத் தொட்டு, அது நனைந்துவிட்டதைக் கண்டு கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். ஹில்லாவுக்கு அப்போது புரிந்தது. மலையிலிருந்து கடல்வரை ஆயிரமாயிரம் வாசல்களைக் கடந்து போகிறவர். சமையல் வாசனை வரும், சிரிப்புச் சத்தம் வரும், யாரும் ‘உள்ளே வாங்க’ என்றதில்லை. மணல்மூட்டையைத்தான் காட்டுவார்கள். எல்லா ஊர்களிலும் சேர்த்து அவருக்கு ஒருவர் நீட்டியது அந்த ஒரு ஜாடி பீர்தான்.

“தலையணை காஞ்சுடும், விடுங்க,” என்றாள். “விலாங்கை மட்டும் வெளிய அனுப்புங்க. ரொட்டி வைக்கணும்.”

பழுதான கரை சரியாகும்வரை கரைச்சபைக்காரர்கள் சொந்தக்காரர் செலவில் சத்திரத்தில் தங்கித் தின்பது எங்கள் வழக்கம். எப்படிப்பட்ட சோம்பேறியும் அந்தச் செலவுக்குப் பயந்து ஒரு மாதத்தில் கரையைக் கட்டிவிடுவான். ஐசல் பயப்படவில்லை. தினம் காலையில் சத்திர வாசலில் கன்றுக்குட்டி அளவு சால்மன் ஒன்று துள்ளும். சபைக்காரர்கள் கோடை முழுவதும் தின்றார்கள். ஆடி அசைந்து நடக்க ஆரம்பித்தார்கள். ஒருவரைக் கதவு வழியாக வெளியே எடுக்க முடியாமல் ஜன்னலைப் பெயர்த்தார்கள். கரை இப்போதைக்குச் சரியாக வேண்டாம் என்று அவர்கள் தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றியதாகப் பேச்சு.

கரையோ சரியாகிற வழியாகத் தெரியவில்லை. ஐசல் சோம்பேறி இல்லை. ஜெர்மனிப் பக்கத்திலிருந்து அருமையான நீலக் களிமண்ணைக் கொண்டுவந்து கரையில் அப்புவார். திங்கட்கிழமை அப்பியதைப் புதன்கிழமைக்குள் அவரே அரித்துவிடுவார். ஒரு கை கட்டும், மற்றக் கை பழக்கதோஷத்தில் பறிக்கும். ஹில்லா ஒருநாள் பொறுமையிழந்து கரைமேல் ஏறி இடுப்பில் கைவைத்தாள். சந்தையே நின்று கேட்டது.

“ஏய்யா, வெக்கிறதும் நீ, எடுக்கிறதும் நீன்னா நான் எப்பய்யா உருப்படறது? இத்தன வருஷமா ஓடற, நிக்கத் தெரியாதா? உன்னை நம்பினதுக்கு அந்த மாட்டுத் தொழுவமே மேல். போ, போ, கடலுக்கே போ, அதான் உனக்குத் தெரிஞ்சது!”

ஐசல் போய்விட்டார். எதிர்க்கரையோரம் ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தார். உப்புப் படகுகள் சேற்றில் சாய்ந்தன. படித்துறையில் வாத்துகள் நடந்து பழகின. சத்திரத்துக்குச் சால்மன் வரவில்லை. சபைக்காரர்கள் பசியில் ஒருவரையொருவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். உப்பு வணிகர்கள் கூட்டமாக ஹில்லாவின் வீட்டுக்கு வந்தார்கள்.

“ஒரு வார்த்தை சொல்லிடும்மா. குடும்பத்துல சண்டை வர்றதுதான்.”

“இது குடும்பமில்ல. நான் குடித்தனக்காரி.”

“குடித்தனக்காரி வீட்டுக்காரரை அந்தப் பேச்சா பேசுவா?”

ஹில்லா அரைகல்லை விட்டு எழுந்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காய்ந்த ஆற்றின் நடுவே, பழைய நங்கூரங்களையும் யாரோ தொலைத்த ஒரு தேவாலய மணியையும் தாண்டி எதிர்க்கரைக்கு நடந்தாள். அங்கே குந்தி உட்கார்ந்து மெதுவாகப் பேசினாள். தனியாகச் சுமந்த நாட்களில் தானும் ஒரு கூடை வைத்தால் அரைக்கூடையைத் தன் காலாலேயே சரித்ததைச் சொன்னாள். “எனக்கும் தனியா வரலைய்யா. உனக்கும் தனியா வரல. சேர்ந்து பாப்போம், வா.” அவள் திரும்பி நடந்தபோது தண்ணீர் அவள் குதிகாலுக்குப் பின்னாலேயே வந்தது.

அன்றிலிருந்து அவர் களிமண் கொண்டுவந்து வைப்பார், வைத்ததும் நகர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்வார். அவள் வில்லோ மரத்து மிலாறுகளைப் பின்னி அதன்மேல் விரித்து மரச்செருப்பால் மிதித்து இறுக்குவாள். பிறகு அடுத்த அடுக்கு. இலையுதிர்காலம் முழுதும் ஊரார் கரைமேல் அவள் செருப்புச் சத்தத்தையும், இடையிடையே “இன்னும் கொஞ்சம் வலது பக்கம், வலதுன்னா எனக்கு வலது!” என்ற குரலையும் கேட்டார்கள்.

மார்ட்டின் திருநாளன்று ஸ்வேடர் கோலோடு ஏறினார். முழு பலத்தோடு குத்தினார். கோல் வளைந்தது, இறங்கவில்லை. பத்து இடத்தில் குத்தினார். அவர் முகம் நீளமாகிக்கொண்டே போனது. அந்த நேரத்தில்தான் தெற்கிலிருந்து மேல்வெள்ளம் வந்தது. ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பக்கம் வாரக்கணக்கில் பெய்த மழை. எங்கள் ஊரில் யாரையும் தெரியாத, யார் கையாலும் பீர் வாங்கிக் குடிக்காத அந்நியத் தண்ணீர். அது வேலிகளையும் ஒரு முழு மாதாகோவில் கூரையையும் சுமந்துகொண்டு, ஹில்லாவின் வளைவை நோக்கித் தோளைத் தாழ்த்தியது. புதுக்கரை இன்னும் உலரவில்லை.

சமையலறைக் கதவு திறந்தது. வீட்டிலிருந்த ஐசல் தோட்டத்தின் வழியாக வெளியே வந்து, கரையைத் தாண்டி இறங்கி, ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுந்து நின்றார். கண்ணாடிச் சுவர் போல நின்றார். உள்ளே சால்மன் மீன்கள் தலையால் முட்டுக்கொடுப்பதை எல்லாரும் பார்த்தார்கள். அந்நியத் தண்ணீரானாலும் ஓடி வந்தது அதே ஆறாகத்தான், அதனால் மோதியது அவருடைய சொந்த உடம்புதான். தம் தோளைத் தம் மார்பால் தள்ள வேண்டியிருந்தது. மதியம் முழுதும் தள்ளினார். சுவர் மெல்லிதாகிக்கொண்டே வந்தது, அடியில் நடுங்கியது. ஹில்லா வீட்டுக்குள் ஓடி, வருடம் முழுவதும் அரைத்து வைத்திருந்த கடுகுப் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தாள். “வாயைத் திற!” என்று கத்திக் கவிழ்த்தாள். ஐசல் ஒருமுறை மூச்சை உள்ளே இழுத்தார். பிறகு தும்மினார். அந்தத் தும்மலில் மேல்வெள்ளம் மூன்று பண்ணை தூரம் பின்னால் போய் விழுந்தது. மறுபடி வந்தபோது தொப்பியைக் கழற்றிவிட்டு வருகிறவர் போல, எதிர்க்கரையோரமாக ஒதுங்கி, மரியாதையாகக் கடந்து போனது. கீழே கடல்வாய் வரைக்கும் ஆற்றோர மக்கள் காரணமில்லாமல் கண்ணீர் விட்டார்கள். அடுத்த பருவத்தில் பிடித்த ஹெர்ரிங் மீனுக்குக் கடுகு தொட்டுக்கொள்ளவே தேவைப்படவில்லை.

ஸ்வேடர் நனைந்து, தொப்பி போய், கரைமேல் உட்கார்ந்திருந்தார். அவர் வீடும் அந்தக் கரைக்குப் பின்னால்தான் இருந்தது. நெடுநேரம் பேரிக்காய் மரங்களின் பக்கம் பார்க்கவே இல்லை. பிறகு எழுந்து சட்டப்படி உரத்துச் சொன்னார்: “ஐசல் துண்டு. கரை சரி.” கொஞ்சம் யோசித்து, கரைப் பார்வையின்போது சொந்தக்காரர் கரைக்கு வெளிப்பக்கம் நின்றது முறையல்ல என்று ஒரு சின்ன அபராதமும் போட்டார்.

“போடுங்க தலைவரே,” என்றாள் ஹில்லா. கவிழ்ந்து கிடந்த பீப்பாயை நிமிர்த்தினாள். “இங்க இருந்து கட்டறோம். நாங்க எங்கயும் போகப்போறதில்ல.”

அபராதத்துக்கு ஒரு கூடை பேரிக்காய் கொடுத்தாள். ஸ்வேடர் அதை வாசலிலேயே நின்று தின்று முடித்தார். சபைக்காரர்கள் கண்ணீரோடு சத்திரத்தைக் காலி செய்தார்கள். ஹில்லா அந்த வீட்டில், அந்த அடுப்படியில், கால்கள் எப்போதும் கொஞ்சம் ஈரமாக, தலைமுடி வெளுக்கும்வரை கடுகு அரைத்தாள். ஆற்றின் மற்ற பகுதியெல்லாம் வழக்கம்போலக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது; ஒரு பகுதி மட்டும் போகவில்லை.

மார்ட்டின் திருநாளுக்குக் கரைத்தலைவர் இன்றும் கரைமேல் நின்று துண்டுக்காரர்களின் பெயர்களைக் கூப்பிடுகிறார். “ஐசல்” என்றதும் கீழே தண்ணீர் கல்லில் ஒருமுறை அறையும். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவார். அடுத்தவர்தான் பெரும்பாலும் தாமதமாக வருவார்.